ஊரை வைத்து ஆளைச் சொல்லும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சொற்களைப் பற்றிய பக்கம் இது?

மதுரைக்காரர், யாழ்ப்பாணத்தார், சென்னைவாசி, சிங்கப்பூரர், ஜப்பானியர். ஒரு ஊர், நாடு, மாநிலம், தீவு எதுவானாலும் சரி, அங்கே பிறந்தவரையோ இருப்பவரையோ அந்த இடத்தின் பெயரை வைத்தே குறிப்பிடுகிற சொற்கள். தினமும் பேசுகிறோம், எழுதுகிறோம். ஆனால் நார்வேயில் இருப்பவரை எப்படி எழுதுவது என்று திடீரென்று யாராவது கேட்டால் கொஞ்சம் முழிப்போம். நார்வேயரா, நார்வேஜியரா, நார்வேக்காரரா? அப்போதுதான் அகராதி ஞாபகத்துக்கு வரும், எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஏன் ஏமாற்றம், எந்த மொழி இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதையெல்லாம் கீழே பார்க்கலாம்.

இந்தச் சொற்களுக்குப் பொதுவாக ஒரு பெயர் உண்டா?

ஆங்கிலத்தில் இப்போது 'டெமோனிம்' என்கிறார்கள். மக்கள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து செய்தது. ரொம்பப் பழையதும் அல்ல: இந்தப் பொருளில் அதை 1988-ல் ஜார்ஜ் ஷீட்ஸ் என்பவர் முன்வைத்தார், 1990-ல் பால் டிக்சன் இந்தச் சொற்களுக்காகவே எழுதிய ஒரு அகராதி வழியாகப் பரவியது. பிரெஞ்சில் 'ஜான்டிலே', ஸ்பானிஷில் 'ஹென்டிலீசியோ', இத்தாலியத்தில் 'எத்னிகோ'.

நம்மிடம் இதற்கு ஆங்கிலத்துக்கு முன்பே பெயர் இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை அடுக்கும் நூற்பா 'நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே' என்றுதான் தொடங்குகிறது. முதல் இடமே நிலப்பெயருக்கு! உரைகாரர்கள் அதற்குக் காட்டும் உதாரணங்கள் அருவாளன், சோழியன். அருவா நாட்டான், சோழ நாட்டான் என்று பொருள். நன்னூல் இன்னும் நுணுக்கமாகப் போய் திணை, தேயம், ஊர், வான், அகம், புறம் என்று இடத்தையே பிரித்து வைத்திருக்கிறது. ஆக, இலக்கணத்தில் குறை ஒன்றும் இல்லை. 'நிலப்பெயர்' என்றால் இன்றைக்குப் பலருக்கு நிலத்தின் பெயர் என்று பட்டுவிடும் என்பதால், இந்தப் பக்கத்தில் 'ஊரார் பெயர்' என்று வைத்துக்கொள்கிறேன்.

தமிழில் இவை எப்படி உருவாகின்றன?

பார்க்க எளிது. ஊர்ப்பெயரோடு ஆன், ஆள், ஆர், அர், அவர், காரர், வாசி இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் போதும். ஆனால் நேராகச் சேராது, ஊர்ப்பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்துத்தான் சேரும். 'ம்' என்று முடிந்தால் 'த்து' வரும்: சேலத்துக்காரர், விழுப்புரத்துக்காரர், யாழ்ப்பாணத்தார். 'டு' என்று முடிந்தால் இரட்டிக்கும்: ஈரோட்டுக்காரர், பாலக்காட்டார், தமிழ்நாட்டவர். 'ஊர்' என்று முடிந்தால் அப்படியே: தஞ்சாவூரார், திருவாரூர்க்காரர். 'ஐ' என்றால் இடையில் யகரம்: மதுரையார், கோவையார். தமிழ் பேசி வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, சேலம்காரர் என்று யாராவது சொன்னாலே காதில் நெருடும்.

இந்த ஒழுங்குதான் நமக்குப் பலமும் பலவீனமும் என்று நினைக்கிறேன். பலம், எந்தச் சின்ன ஊருக்கும் உடனே ஒரு சொல் செய்துவிடலாம். பலவீனம், 'விதி இருக்கிறதே, பட்டியல் எதற்கு' என்று விட்டுவிட்டோம். உள்ளூர்ப் பெயர்கள் வரை அது ஓடும். வெளிநாட்டுப் பெயர்களுக்கு வரும்போது ஆளுக்கு ஒன்றாக எழுத ஆரம்பிக்கிறோம்.

காரர், வாசி, ஆர் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. சென்னைவாசி என்றால் இப்போது சென்னையில் குடியிருப்பவர், எங்கே பிறந்தார் என்பது கேள்வியே இல்லை. சென்னைக்காரர் என்றால் பெரும்பாலும் சொந்த ஊரே சென்னை, அவர் துபாயில் முப்பது வருஷம் இருந்தாலும் சென்னைக்காரர்தான். ஆர் கொஞ்சம் கூட்டத்தைக் குறிக்கும்: தஞ்சாவூரார், ஊரார், நாட்டார். அவர் எழுத்து நடைக்குப் பொருந்தும்: வெளிநாட்டவர், அயலவர். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பிறந்தவரா குடியேறியவரா என்று அடைமொழி போட்டுத்தான் பிரிக்க வேண்டும். நமக்கு விகுதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனாலும் செய்தி எழுதுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை, 'சென்னைவாசிகள் பலர் சொந்த ஊருக்குப் புறப்பட்டனர்' என்பதுதான் சரியான பயன்பாடு, அங்கே சென்னைக்காரர்கள் என்று போட்டால் வாக்கியமே தனக்குத்தானே முரண்பட்டுப் போகும்.

காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஊரோடு மட்டும் ஒட்டுவதில்லை. வீட்டுக்காரர், கடைக்காரர், பால்காரர் என்று உடைமைக்கும் தொழிலுக்கும் வரும். தோட்டக்காரர் என்றால் தோட்டத்தில் வேலை செய்பவர், இலங்கை மலையக வழக்கில் தோட்டத்தார் என்றால் தோட்டத்தில் வாழ்பவர்கள்.

ஆண், பெண், மரியாதை எப்படி?

காரன், காரி, காரர் என்று மூன்று இருந்தாலும் எழுத்தில் இன்று பாதுகாப்பானது காரர் ஒன்றுதான், இருபாலுக்கும். மதுரைக்காரி என்பது பாட்டிலும் நெருங்கியவர்கள் பேச்சிலும் வரும், தெரியாத ஒருவரைக் குறித்து எழுதினால் எடுத்தெறிந்து பேசுவதுபோல இருக்கும். பன்மைக்குக் காரர்கள். தமிழின் ஆர் விகுதி மரியாதையையும் பன்மையையும் சேர்த்தே சுமப்பதால், 'யாழ்ப்பாணத்தார் சொன்னார்' என்றால் ஒருவர், 'யாழ்ப்பாணத்தார் சொன்னார்கள்' என்றால் பலர். வினைமுற்று காப்பாற்றிவிடுகிறது.

பிலிப்பினோ, பிலிப்பினா என்று ஸ்பானிஷ் வழியில் பாலைப் பிரிக்கும் சொற்கள் நமக்கு வேண்டாம், பிலிப்பீன்ஸ் நாட்டவர் போதும்.

வெளிநாட்டவர் பெயர்களில் ஏன் இவ்வளவு தடுமாற்றம்?

ஏனென்றால் அவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாசல் வழியாக வந்தவை. யவனர் சங்க காலத்திலேயே வந்துவிட்ட சொல், அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயர் வழியாக. பறங்கியர் என்பது ஃபிராங்க் என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாகச் சுற்றி வந்தது. ஒல்லாந்தர் நேரே ஹாலந்திலிருந்து. டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் என்பவற்றில் அடியில் இருப்பது நாட்டின் பெயரே அல்ல, மொழிக்கும் மக்களுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் சொல். அதனால்தான் காரர் இல்லாமல் அவை நிற்க மாட்டேன் என்கின்றன, 'பிரெஞ்சர்' என்று எழுதிப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது.

பின்னால் வந்தவற்றை ஆங்கிலத்தைப் பார்த்தே செய்தோம். நார்வேஜியர் அப்படித்தான். அந்த 'ஜ' நார்வேயில் எங்கே இருக்கிறது? ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது, அவ்வளவுதான். ரோமர், ரோமானியர், ருமேனியர் மூன்றும் வாசகரைக் குழப்புவது இன்னொரு கதை: பழைய ரோமப் பேரரசைச் சேர்ந்தவர்களை ரோமானியர் என்று எழுதுவது வழக்கில் நிலைத்துவிட்டதால் இன்றைய ருமேனியா நாட்டவரை ருமேனியர் என்று மட்டுமே எழுத வேண்டியிருக்கிறது. ஆஸ்திரியர், ஆஸ்திரேலியர் குழப்பம் ஆங்கிலத்திலேயே உண்டு, அதற்கு நாம் பொறுப்பில்லை.

என் கட்சி இது: ஜெர்மானியர், ஜப்பானியர், இத்தாலியர் மாதிரி ஊறிப்போனதைத் தொடாதீர்கள். ஊறாததற்கு ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்க்காமல், தமிழில் வழங்கும் நாட்டின் பெயரோடு நம் விகுதியைச் சேருங்கள். நார்வேயர், அல்லது நார்வே நாட்டவர்.

நைஜர், நைஜீரியா, டொமினிக்கா: இவர்களை எப்படிப் பிரிப்பது?

நைஜீரியாவுக்கு நைஜீரியர், நைஜருக்கு நைஜர் நாட்டவர் என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்தில் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். டொமினிக்கா தீவும் டொமினிக்கன் குடியரசும் இன்னும் மோசம், ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றே, உச்சரிப்பில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பது மட்டும்தான் வேறு. தமிழில் அழுத்தம் எழுத்தில் தெரியாது, எனவே நாட்டின் முழுப்பெயரைச் சொல்லிவிடுவதுதான் வழி.

வேறு மொழி இலக்கணத்தோடு வரும் பெயர்களும் உண்டு. போட்ஸ்வானாவில் ஒருவர் என்றால் மோட்ஸ்வானா, பலர் என்றால் பாட்ஸ்வானா, முன்னொட்டுதான் எண்ணைக் காட்டும். லெசோத்தோவில் மொசோத்தோ, பசோத்தோ. வனுவாட்டுக்காரரை நி-வனுவாட்டு என்பார்கள். எனக்குப் பிடித்தது புர்கினா ஃபாசோ. 1984-ல் பழைய அப்பர் வோல்ட்டா என்ற பெயரை மாற்றியபோது, புர்கினா என்பதை மோரே மொழியிலிருந்தும் ஃபாசோ என்பதை ஜூலா மொழியிலிருந்தும் எடுத்தார்கள், மக்களைக் குறிக்கும் புர்கினாபே என்ற சொல்லின் கடைசி 'பே' ஃபுலானி மக்களின் மொழியிலிருந்து வந்தது. நாட்டின் மூன்று பெரிய மொழிகளுக்கும் பங்கு கிடைத்துவிட்டது.

ஆங்கிலத்தில் விதியே கிடையாதா?

விகுதிகள் உண்டு, எது எங்கே வரும் என்ற விதிதான் கிடையாது. லண்டனர், நியூயார்க்கர் என்பதில் வரும் 'அர்' ஜெர்மானிய வழி. 'அன்', 'இயன்' லத்தீன் வழி. 'ஐட்' கிரேக்க வழி. 'ஈஸ்' என்பது லத்தீனின் 'என்சிஸ்' இத்தாலியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. சைனீஸ், ஜப்பனீஸ் என்று ஆசிய நாடுகளுக்கு மட்டும் இளக்காரமாகப் போட்டது இது என்று இணையத்தில் அடிக்கடி ஒரு குற்றச்சாட்டு சுற்றும். மிலனீஸ், வியன்னீஸ், ஜெனோயீஸ் எல்லாம் ஐரோப்பிய நகரத்தார் பெயர்களே. இத்தாலியரும் போர்த்துகீசியரும் முதலில் ஆசியாவைப் பற்றி எழுதினார்கள், அவர்கள் விகுதி ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை நகரங்களில்தான். மான்செஸ்டர்காரர் மான்கூனியன், ஊரின் பழைய லத்தீன் பெயரிலிருந்து. கேம்பிரிட்ஜ்காரர் கான்டாபிரிஜியன். நியூகாஸிலுக்கு நோவோகாஸ்ட்ரியன், 'புதுக்கோட்டை' என்பதை அப்படியே லத்தீனில் சொன்னது. கிளாஸ்கோவுக்கு கிளாஸ்வீஜியன், இது நார்வீஜியன் போன்ற சொற்களின் சாயலில் உருவானது. லிவர்பூலுக்கு லிவர்பட்லியன்: பூல் என்றால் குளம், அதைக் கிண்டலாகப் 'பட்டில்' என்று குட்டையாக்கி, அந்தக் கிண்டலே அகராதிச் சொல்லாகிவிட்டது. ஊர்க்காரர்கள் தங்களை ஸ்கவுசர் என்றே சொல்லிக்கொள்வார்கள்.

பிரெஞ்சும் ஸ்பானிஷும்?

இன்னும் மோசம், அதனாலேயே இன்னும் சுவாரஸ்யம். பிரான்சில் சுமார் 35,000 உள்ளாட்சிப் பகுதிகள், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஊரார் பெயர் வைத்துக்கொள்ள ஆசைப்படும். ஃபோன்டேன்ப்ளூ ஊர்க்காரர் பெல்லிஃபோன்டேன். சேன்-எத்தியேன் ஊர்க்காரர் ஸ்தெஃபனுவா, எத்தியேன் என்பது ஸ்டீபன் என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம் என்று தெரிந்தால்தான் பிடிபடும். ஸ்பெயினில் உவெல்வா நகரத்தார் ஒனுபென்சே, அந்த ஊர் ரோமர் காலத்தில் ஒனுபா. போர்த்துகீசியம் பேசும் பிரேசிலிலும் அப்படித்தான்: ரியோ டி ஜெனிரோ நகரத்தார் கரியோகா, அதே பெயருள்ள மாநிலத்தார் ஃப்ளுமினென்சே. புவெனஸ் அயர்ஸ்காரர் போர்த்தேன்யோ, அதாவது துறைமுகத்தார்.

ஊர்ப்பெயர் மக்கள் வாயில் தேய்ந்து மாறிப்போகும், ஊரார் பெயரோ படித்தவர்கள் வாயில் பழைய வடிவத்தோடு நின்றுவிடும். இரண்டும் பிரிந்து நெடுநாள் ஆனபின் பார்த்தால் சம்பந்தமே இல்லாதவைபோலத் தோன்றும். அகராதி இல்லாமல் ஊகிக்கவே முடியாத இடம் இதுதான்.

இப்படிப்பட்ட சொற்களை முதலில் தொகுத்தது யார்?

கிடைப்பவற்றில் மிகப் பழைய பெரிய முயற்சி ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் ஸ்டெஃபானஸ் தொகுத்த 'எத்னிகா'. ஊர்களை அகர வரிசையில் வைத்து ஒவ்வொன்றுக்கும் அந்த ஊராரை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகும் நூல். முழுசாகக் கிடைக்கவில்லை, பெரும்பகுதி சுருக்க வடிவில்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது: இலக்கணப்படி வரவேண்டிய வடிவம் இது, ஆனால் அந்தப் பக்கத்தார் வழங்கும் வடிவம் இது என்று பல இடங்களில் பிரித்துச் சொல்கிறார். உள்ளூர்க்காரர் சொல்வதற்கு மதிப்பு கொடுக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

அரபியில் ஊரோடு 'ஈ' சேர்த்தால் ஊரார் பெயர். புகாராவிலிருந்து புகாரீ, குவாரிஸ்மிலிருந்து அல்-குவாரிஸ்மீ. கணித அறிஞர் அல்-குவாரிஸ்மீயின் பெயர் லத்தீனில் திரிந்துதான் அல்காரிதம் ஆனது, கணினித்துறையில் இருப்பவர்கள் தினமும் ஒரு ஊரார் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வகைப் பெயர்களுக்கென்றே, மெர்வ் நகரைச் சேர்ந்த அஸ்-ஸம்ஆனீ (மறைவு 1166) 'அல்-அன்சாப்' என்ற மாபெரும் தொகுப்பைச் செய்தார். ஹதீஸ் எனும் நபிமொழியை அறிவித்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று சரிபார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது, அகராதி பிறந்தது.

நம் நிகண்டுகளில் இல்லையா?

வேறு விதத்தில் இருக்கிறது. திவாகரம், பிங்கலம், சூடாமணி போன்ற நிகண்டுகளின் மக்கட் பெயர்த் தொகுதியில் ஐந்து நிலத்து மக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும். குறிஞ்சிக்குக் குறவர், கானவர். முல்லைக்கு ஆயர், கோவலர். மருதத்துக்கு உழவர், களமர். நெய்தலுக்குப் பரதவர், நுளையர். பாலைக்கு எயினர், மறவர். தலைவன் பெயர்களும் அப்படித்தான்: வெற்பன், சிலம்பன் என்றால் மலைநாட்டான், ஊரன் மருதத்தான், சேர்ப்பனும் துறைவனும் கடற்கரையான். குறிப்பிட்ட ஊரின் பெயரிலிருந்து பிறந்தவை அல்ல இவை, நிலத்தின் வகையிலிருந்து பிறந்தவை. ஆனாலும் இடத்தை வைத்து ஆளைச் சொல்வதுதானே.

ஊரோடு ஆளைச் சேர்த்துச் சொல்வதற்குச் சங்கப் புலவர் பெயர்களே சாட்சி: கோவூர் கிழார், ஆலங்குடி வங்கனார், கணியன் பூங்குன்றனார். ஏதென்ஸ் நகரில்கூட குடிமகன் பெயரோடு அவர் பதிந்திருந்த ஊர்ப்பகுதியைச் சேர்ப்பது வழக்கம், சாக்ரடீஸ் அலோபெகே பகுதிக்காரர்.

தற்காலத் தமிழ் அகராதிகளில் தேடினால் கிடைக்குமா?

பாதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-ல் பின்னிணைப்பு) ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. சோழியன், வடுகன், கொங்கன் மாதிரி இலக்கியத்தில் வந்த பழைய நாட்டார் பெயர்கள் அதில் உண்டு. அவற்றைப் படிக்கும்போது ஒன்று தெரியும்: நாட்டைக் குறித்த சொற்களில் பல, காலப்போக்கில் ஒரு சமூகத்தின் பெயராகச் சுருங்கிவிட்டன. 'சோழியன் குடுமி சும்மா ஆடுமா' என்ற பழமொழியில் வரும் சோழியன் தொல்காப்பிய உரையில் வரும் சோழியன் அல்ல, ஒரு குறிப்பிட்ட அந்தணப் பிரிவு. அகராதி இரண்டு பொருளையும் கொடுக்கும், எது எங்கே பொருந்தும் என்பது நம் பொறுப்பு.

மற்றபடி சேலத்துக்காரரையோ சிங்கப்பூரரையோ தேடிப் போகாதீர்கள். விகுதி தெரிந்தால் சொல்லை நீங்களே செய்துகொள்ளலாம் என்பது அகராதிக்காரர்கள் கணக்கு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992, பின்பு விரிந்த பதிப்புகள் 2008, 2020) இன்றைய எழுத்து வழக்குக்கு மிக நம்பகமானது, ஆனால் அதன் வேலை பொதுச்சொற்கள், இடப்பெயர்கள் அல்ல. அச்சுத் தாளைச் சிக்கனம் செய்ய வேண்டிய காலத்தில் இந்த வாதம் நியாயம்தான். இணையத்தில் இடம் ஒரு பிரச்சினையே இல்லை, அங்கேயும் நாடுகளுக்காவது ஒரு முழுப் பட்டியல் வைக்காமல் இருப்பதற்குக் காரணம் எனக்குப் புலப்படவில்லை. செய்தி அறைகளும் மொழிபெயர்ப்பாளர்களும் ஆளுக்கொரு கோப்பு வைத்துக்கொண்டு தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள், அதன் விளைவுதான் ஒரே பக்கத்தில் சுவீடியரும் சுவீடன்காரரும்.

மற்ற மொழி அகராதிகள் என்ன செய்கின்றன?

மூன்று வழிகள் பார்க்கலாம். பொது ஆங்கில அகராதிகளில் ஊரார் பெயர் பெரும்பாலும் ஊர்ப்பெயரின் கீழே, விளக்கமே இல்லாமல், கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். மெரியம்-வெப்ஸ்டர் கல்லூரி அகராதியின் 2003 பதிப்பில் பின்பக்கம் புவியியல் பெயர்களுக்கென்று தனிப்பகுதி இருக்கிறது, அங்கே தேட வேண்டும். பிரெஞ்சு பெத்தி ரொபேர் அகராதியின் பின்னிணைப்பில் இடப்பெயருக்கு நேரே ஊரார் பெயர் என்று நீண்ட பட்டியல். ஸ்பானிஷ் மொழி அகாதமிகளின் ஐயம் தீர்க்கும் அகராதியில் (2005) நாடுகள், தலைநகரங்கள், அவற்றின் ஊரார் பெயர்கள் ஒரு பின்னிணைப்பாக இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நடைக்கையேடு நாட்டவர் பெயர்களை ஒன்றியத்தின் எல்லா ஆட்சிமொழிகளிலும் தருகிறது, நமக்குத் தேவைப்படுவது இந்த மாதிரி ஒன்றுதான்.

தனி அகராதிகளும் உண்டு. இத்தாலியத்துக்கு கப்பெல்லோவும் தல்யாவீனியும் செய்தது 1981-ல் வந்தது. ரஷ்யனில் 1975-ல் வந்த, சோவியத் ஒன்றியத்து ஊரார் பெயர் அகராதியில் ஏறக்குறைய பத்தாயிரம் சொற்கள். அர்க்காங்கெல்ஸ்க் ஊர்க்காரர் அர்க்காங்கெலகரோதெத்ஸ் என்பதை எந்த வெளியாளும் ஊகிக்க மாட்டார், அகராதிக்கு வேலை இருக்கிறது. ஆங்கிலத்துக்கு டிக்சனின் நூல் 1997-ல் திருத்தி விரிந்து மறுபடி வந்தது.

இப்போது எல்லோரும் திருத்தக்கூடிய விக்கித்தரவில் ஊரார் பெயருக்கென்றே ஒரு பண்பு இருக்கிறது, எண் பி1549. எந்த மொழியிலும் சேர்க்கலாம், தமிழிலும்.

ஒரு ஊரார் பெயரை யார் தீர்மானிப்பது?

அங்கே இருப்பவர்கள். மற்ற எல்லோரும் பின்னால் வருபவர்கள். அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக்கையேடு இந்தியானா மாநிலத்தாரை நெடுங்காலம் 'இந்தியானன்' என்றே போட்டுவந்தது. அந்த மாநிலத்தில் யாரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை, எல்லோருக்கும் 'ஹூசியர்'தான். மாநிலத்தின் செனட்டர்கள் கேட்டுக்கொண்டபின் 2017-ல்தான் கையேடு இறங்கிவந்தது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஏகப்பட்ட கதைகள், ஒன்றும் உறுதியில்லை, அதைப் பற்றி அவர்களுக்குக் கவலையும் இல்லை. மாசசூசெட்ஸ் 1990-ல் சட்டமே போட்டு 'பே ஸ்டேட்டர்' என்று அறிவித்துக்கொண்டது. மிஷிகனுக்கு மிஷிகாண்டர் என்பது 1848-ல் ஆபிரகாம் லிங்கன் அரசியல் எதிரி ஒருவரைக் கேலி செய்யப் பயன்படுத்திய சொல், கேண்டர் என்றால் ஆண் வாத்து. அதையே இன்று அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இதை அரசு அலுவலாகவே ஆக்கிவிட்டார்கள். 1977-ல் அமைந்த இடப்பெயர் ஆணையம் ஊர்களின் பெயர்களோடு ஊரார் பெயர்களையும் பதிகிறது. 'மூன்று ஆறுகள்' என்று பொருள்படும் த்ருவா-ரிவியேர் நகரத்தார் அங்கே லத்தீன் வழியில் த்ரிஃப்ளுவியேன்.

நாட்டவர் வேறு, இனத்தவர் வேறு: எப்படிக் கவனமாக இருப்பது?

இங்கேதான் தவறினால் மனம் புண்படும். மலேசியர் என்றால் குடியுரிமை, மலாய்க்காரர் என்றால் இனம். மலேசியத் தமிழர் மலேசியர், ஆனால் மலாய்க்காரர் அல்ல. இலங்கையர் என்ற சொல்லில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் எல்லோரும் அடக்கம். போஸ்னியர் என்றால் அந்த நாட்டவர் எவரும், போஸ்னியாக் என்றால் ஒரு இனம். ஹவாய் விஷயத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளின் நடைவிதி தெளிவு: ஹவாயியன் என்பதைப் பூர்வகுடி வழிவந்தவருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவரை ஹவாய்வாசி என்கிறார்கள். ஆப்கானி என்பது பணம், ஆள் ஆப்கன் என்று ஆங்கில ஆசிரியர்கள் திருத்துவார்கள். தமிழில் ஆப்கானியர் என்பது ஆளுக்கே நிலைத்துவிட்டது, விட்டுவிடலாம்.

வெளியார் ஒட்டிய பொதுப்பெயர்களும் இந்தக் கணக்கில்தான். வடக்கே தென்னிந்தியர் எல்லோரையும் 'மதராசி' என்று சொல்வது ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தாரைக் குறித்த சொல்தான். மாகாணம் போனது, சொல் மட்டும் ஒரு ஏளனத்தோடு தங்கிவிட்டது.

ஊர்ப்பெயர் மாறினால் ஊரார் பெயரும் மாறுமா?

மெதுவாக. பம்பாய் மும்பை ஆனபின் மும்பைகர் பரவிவிட்டது, அந்த 'கர்' மராத்திக்காரர்களின் சொந்த விகுதி. மங்கேஷி ஊரிலிருந்து மங்கேஷ்கர் என்று குடும்பப் பெயரே அதில் பிறக்கும். மெட்ராஸ்காரர் என்பதை வயதானவர்கள் இன்னும் விடவில்லை.

கென்னடி தன்னைப் பன் என்று சொல்லிக்கொண்டாரா?

இல்லை. அப்படி ஒரு கதை சுற்றுகிறது, அவ்வளவுதான். 1963-ல் மேற்கு பெர்லினில் அமெரிக்க அதிபர் கென்னடி 'நான் ஒரு பெர்லினர்' என்று ஜெர்மனில் சொன்னார். பெர்லினர் என்று ஜாம் வைத்த பன் ஒன்றுக்கும் சில பகுதிகளில் பெயர் உண்டு, பெர்லினிலேயே அதை வேறு பெயரில்தான் சொல்வார்கள். கேட்ட கூட்டத்துக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஹாம்பர்கரும் ஃபிராங்ஃபர்ட்டரும்கூட முதலில் ஊரார் பெயர்களே.

இதில் சிரிப்பு வராத பக்கமும் இருக்கிறது. கிரேக்கத் தீவான லெஸ்போஸைச் சேர்ந்த மூவர், தங்கள் ஊரார் பெயரான 'லெஸ்பியன்' என்பதை வேறு பொருளில் ஒரு அமைப்பு பயன்படுத்தக்கூடாது என்று ஏதென்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008-ல் வழக்கு தள்ளுபடியானது. வழக்கில் ஊறிய சொல்லை யாரும் திருப்பி வாங்க முடியாது.

சரி, ஒரு ஊருக்குச் சொல்லே கிடைக்கவில்லை, என்ன எழுதுவது?

முதலில் அந்த ஊர்ச் செய்தித்தாளோ நகராட்சித் தளமோ தங்கள் மக்களை எப்படி அழைக்கிறது என்று பாருங்கள். தமிழர்கள் வாழும் நாடாக இருந்தால் அங்குள்ள தமிழ் ஊடகம்தான் முதல் ஆதாரம்: சிங்கப்பூரர் என்று அவர்கள் எழுதினால் நாம் சிங்கப்பூரியர் என்று புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. அப்புறம் அகராதி. அதுவும் கைவிட்டால் 'நாட்டவர்', 'ஊர்க்காரர்' சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் நெருடினால் இருக்கவே இருக்கிறது 'அந்த ஊரைச் சேர்ந்தவர்'. கொஞ்சம் நீளம், ஆனால் உலகத்தில் எந்த ஊரும் அதற்குள் அடங்கும், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே கட்டுரையில் ஒரே வடிவத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், நார்வேயர் என்று தொடங்கினால் மூன்றாம் பத்தியில் நார்வேஜியர் தலைகாட்டக் கூடாது.